ஒரே பெயர், இருவேறு வேலை

எலுமிச்சைச் சாறு பிழிந்தால் பால் திரிகிறது. மின்சாரத்தாலும் பொருள்களை இவ்வாறு திரளச் செய்யலாம். இதனை 'எலக்ட்ரோகோயாகுலேஷன்' என்பர். ஆனால் மருத்துவமனையில் நடப்பது வேறு, கழிவுநீர்த் தொட்டியில் நடப்பது வேறு. பெயரைக் கண்டு நானும் முதலில் மயங்கியதுண்டு.

1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டன் நகரில், போவி அமைத்த மின்கருவியால் குருதிக்கசிவை அடக்கிக் கட்டியொன்றை அகற்றினார் மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங். அக்கருவியில் ஓடுவது வினாடிக்குப் பல லட்சம் முறை திசைமாறும் மின்னோட்டம். அவ்வேகத்தில் தசையும் நரம்பும் துடிப்பதில்லை. வெப்பத்தால் புரதம் முட்டை வெந்தாற்போல் உறைகிறது.

கழிவுநீருக்கோ நேர்திசை மின்னோட்டம் வேண்டும். நேர்மின்வாயிலுள்ள அலுமினிய அல்லது இரும்புத் தகடு கரைந்து, ஹைட்ராக்சைடு பஞ்சாகி அழுக்கைத் திரட்டுகிறது. எதிர்மின்வாயில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் அதில் ஒரு பகுதியை மேலே தூக்குகின்றன. தகடு தேய்ந்துகொண்டே வரும். படலம் படிந்தால் மின்செலவும் ஏறும்.

கொடுங்கையூர் நிலையத்தில் சாக்கடை நீரின் அழுக்கை உண்டு தீர்ப்பவை பாக்டீரியாக்கள். 2019இல், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டரை மேலும் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் அமைப்பும் அங்கே வந்தது. முலாம் பூசும் பட்டறையின் குரோமியம் சாக்கடையில் மிகுதியாகக் கலந்தால் பாக்டீரியாக்கள் நலியும். ஆதலின் மின்தகட்டுத் தொட்டியைப் பட்டறையிலேயே வைப்பது நன்று. அங்கு இரும்புத் தகடு தரும் பெரஸ் அயனி, நச்சு மிகுந்த ஆறிணைதிறக் குரோமியத்தை மூவிணைதிறமாக்கிப் படியச் செய்துவிடும்.