இளஞ்சோளமும் மேய்ச்சல் மாடும்

கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கழுகுமலை அமைந்துள்ளது. பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலாற் புகழ்பெற்ற அம்மலைமீது ஏறி நோக்கினால், கண்ணுக்கெட்டிய தொலைவுவரை கரிசல் நிலம் விரிந்து கிடப்பதைக் காணலாம். அது வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசித் திங்களில் விதைக்கப்படும் சோளமும் கம்பும் பருத்தியும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே வளர்கின்றன. சோளத்தின் மணி மக்களுக்கு உணவாகிறது. தட்டை மாடுகளுக்குத் தீவனமாகிறது. மாட்டை வளர்க்கும் அச்சோளமே சிற்சில வேளைகளில் அதன் உயிரையும் பறித்துவிடுகிறது.

நச்சுச்செடி என்றவுடன் எருக்கும் அரளியும் ஊமத்தையும் நினைவுக்கு வரும். அவற்றின் கைப்பும் நெடியும் மாட்டை விலக்கிவிடுகின்றன. வேறு பசுமையில்லாத காலத்திலன்றி மாடு அவற்றை நாடுவது அரிது. இளஞ்சோளமோ மாட்டுக்கு மிக விருப்பமானது. ஆதலின், மேய்ப்பவன் அஞ்சத்தக்கது எருக்கினும் அதுவே எனலாம்.

சோளத்தின் இளந்தழையில் ‘தூரின்’ என்னும் பொருள் உள்ளது. டன்ஸ்டன், ஹென்றி என்னும் ஆங்கில வேதியியலார் இருவர், எகிப்து நாட்டு இளஞ்சோளத்தை ஆராய்ந்து, 1902-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். சோளத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்தே இப்பெயர் பிறந்தது. இலையின் ஒரு பகுதியில் தூரினும், வேறொரு பகுதியில் அதனைச் சிதைக்கும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. மாடு மெல்லும்போது இரண்டும் கலக்கின்றன. ஐதரசன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படுகிறது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களும் இவ்வேலைக்குத் துணைசெய்கின்றன.

இந்நஞ்சு, குருதி கொண்டுவரும் உயிர்வளியை உடலணுக்கள் பயன்படுத்தவொட்டாமல் தடுத்துவிடும். குருதியில் உயிர்வளி நிறைந்திருந்தும் மாடு மூச்சுக்குத் திணறும், உடல் நடுங்கும், கால் தள்ளாடி வீழும். சில நிமிடங்களிலேயே உயிர் போவதும் உண்டு. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் நஞ்சு சேர்ந்தால் மாடு பிழைப்பது அரிது. கிலோவுக்கு 200 மில்லிகிராம் நஞ்சு தரும் பசுந்தழையாயின், 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு 3 கிலோ தழையே போதும். பசித்த மாடு அதனை விரைவில் மேய்ந்துவிடும்.

எல்லாச் சோளமும் எக்காலத்தும் இவ்வாறு கொல்வதில்லை. முளைத்து முழங்கால் உயரத்தில் நிற்கும் பயிரிலும், மழை பொய்த்து வாடிக் குன்றிய பயிரிலும், அறுத்த கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பிலும் நஞ்சு மிகுதி. தழைச்சத்து உரம் மிகையாக இட்டாலும் அது பெருகும். கரிசற் காட்டில் மழை பொய்ப்பது புதுமையன்று. அறுவடைக்குப்பின் மாடுகளைக் கொல்லையில் அவிழ்த்துவிடுவதும் வழக்கமே. அப்போது ஒரு கோடைமழை பெய்துவிட்டால், எங்கும் புல் இல்லாத வேளையில் சோளக்கட்டைகள் மட்டும் பச்சைக் குருத்து விடும். அக்குருத்தே மாட்டை அழைக்கும் தூண்டில்.

ஆதலின், கதிர் பூத்தபின்னரே பசுஞ்சோளத்தை மாட்டுக்கு இடல் வேண்டும். கட்டை துளிர்த்த கொல்லையை உழுதுவிடுதல் நலம். இயலாவிடின், மாட்டை அப்பக்கம் ஓட்டாதிருக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு ஓட்டாமல், தொழுவத்திலேயே சிறிது காய்ந்த தீவனம் இட்டு ஓட்டுவது பசியின் வேகத்தைத் தணிக்கும். வெயிலில் நன்றாக உலர்ந்த தட்டையில் இந்நஞ்சு பெரிதும் நீங்கிவிடுகிறது. முன்னோர் தட்டையைக் காயவைத்துப் படப்பாக அடைந்துவைத்தது கோடைக்குச் சேமிப்பதற்காகவே. எனினும், இப்பாதுகாப்பும் அதனோடு கிட்டியது.

மாடு வீழ்ந்துவிட்டால் நேரம் கடத்தலாகாது. கால்நடை மருத்துவர் சோடியம் நைட்ரைட்டு, சோடியம் தயோசல்பேட்டு ஆகிய மருந்துகளைக் குருதிக்குழாயிற் செலுத்தி மாட்டைக் காப்பாற்ற முயல்வார். ஆயினும் வாடிய சோளத்தில் நைட்ரேட்டு என்னும் வேறொரு தீமையும் சேர்வதுண்டு. இது உலர்த்தினாலும் நீங்காது. சயனைடு தாக்கிய மாட்டின் குருதி பளிச்சென்ற செந்நிறமாகவும், நைட்ரேட்டு தாக்கியதன் குருதி பழுப்பாகவும் இருக்கும். முன்னதற்கு மருந்தாகும் சோடியம் நைட்ரைட்டு பின்னதற்குக் கேடு விளைக்கும். மாடு எக்கொல்லையில், எந்நிலைப் பயிரை, எப்போது மேய்ந்தது என்பதை மேய்த்தவன் மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிட வேண்டும்.