அந்நிய தேசத்தில் எந்த அட்டை?

வெளிநாட்டுப் பிரயாணம் புறப்படுகிறவர்களுள் பெரும்பாலோர், கிரெடிட் கார்டையும் டெபிட் கார்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு, கைக்கு எது முதலில் அகப்படுகிறதோ அதைக் கடைக்காரரிடம் நீட்டிவிடுகிறார்கள். நீட்டுகிற அளவில் இரண்டுக்கும் பேதம் இல்லைதான். ஆனால் யந்திரம் சம்மதம் தெரிவிக்கும் க்ஷணத்திற்கும், பணம் மெய்யாகவே கைமாறும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. வித்தியாசமெல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைக் கடையொன்றில் 40 டாலருக்குச் சாமான் வாங்கி அட்டையைச் செருகியதும், யந்திரமானது தொகையையும், தேதியையும், சிங்கப்பூர் டாலரைக் குறிக்கும் 702 என்ற எண்ணையும், எவராலும் முன்கூட்டி ஊகிக்க முடியாத வேறோர் எண்ணையும் அட்டையின் சில்லுக்கு அளிக்க, சில்லு தன்னுள் புதைந்திருக்கும் ரகசியச் சாவியைக் கொண்டு, அந்த ஒரு வியாபாரத்திற்கு மட்டுமே செல்லத்தக்க ஒரு சங்கேத எண்ணை ஆக்கித் தருகிறது. அது கடைக்காரரின் வங்கி வழியாகவும், விசா, மாஸ்டர்கார்டு போன்றவற்றின் வலையமைப்பு வழியாகவும் கடல் கடந்து வந்து சேர, நம் வங்கி அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்த்து, விடை ஒத்திருந்தால், 'ஆகட்டும்' என்கிறது. சில விநாடிகளில் முடிந்துவிடும் இந்தச் சம்பாஷணையில் ஒரு காசும் கடைக்காரருக்குப் போவதில்லை. தொகை ஒதுக்கி வைக்கப்படுகிறது, அவ்வளவே.

கிரெடிட் கார்டானால், வங்கி நமக்கு வகுத்த கடன் வரம்பிலிருந்து ஒதுக்குகிறார்கள். டெபிட் கார்டானால், சேமிப்புக் கணக்கில் கிடக்கும் நம் சொந்தப் பணத்திலிருந்து. 40 டாலருக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் ஹோட்டல்காரர் அறைச் சாவியைக் கொடுக்கும்போதே வாடகைக்கு மேல் டெபாசிட்டாக ஒரு தொகையைப் பிடித்து வைக்கிறார். வாடகைக் கார்க்காரர் அதைவிடத் தாராளமாகப் பிடிக்கிறார். அறையைக் காலி செய்த பின்பும் அந்தப் பிடி தளரப் பல நாட்கள் ஆவதுண்டு. இதற்குள் ஊரில் வீட்டுக் கடன் தவணைக்குரிய தேதி வந்து, கணக்கில் இருக்கும் பணமே எடுக்க முடியாத பணமாகி, தவணை திரும்பிவிட்டால், அபராதம் நம் தலையில்தான் விடியும். ஆகையால் ஹோட்டலுக்கும் காருக்கும் கிரெடிட் கார்டே உசிதம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அட்டை எண் களவு போனாலும் இதே நியாயந்தான். வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் ஓடிபி கேட்பதில்லை. எண்ணும், காலாவதித் தேதியும், பின்புறத்து மூன்று இலக்கமும் போதும். நம்மிடமோ வங்கியிடமோ குற்றமில்லாத மோசடியை, வங்கியின் செய்தி கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் நஷ்டம் நம்முடையதல்ல என்றும், 10 வேலை நாட்களுக்குள் வங்கி அத்தொகையைக் கணக்கில் வைக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2017இல் விதித்திருக்கிறது. இரண்டு அட்டைகளுக்கும் விதி பொதுவேயானாலும், அந்தப் பத்து நாளும் அந்நிய ஊரில் வெறுங்கணக்கோடு இருக்க நேர்வது டெபிட் கார்டுக்காரருக்குத்தான்.

ரொக்கம் எடுக்கும்போது நிலைமை தலைகீழ். 1967இல் லண்டனின் என்ஃபீல்டில் முதல் ஏடிஎம்மை அமைத்தவர் ஷெப்பர்ட்-பாரன். நம் ஷில்லாங்கில் பிறந்தவர்! அவருடைய யந்திரம் அட்டையை அல்ல, மிகச் சொற்பமாகக் கதிரியக்கமுள்ள கார்பன்-14 தடவிய தாளையே அடையாளம் கண்டு பணம் தந்தது. இன்றைய யந்திரத்தில் கிரெடிட் கார்டைச் செருகினால், கட்டணத்தோடு எடுத்த நாள் முதலே வட்டியும் ஓடத் தொடங்கும். பிரயாணச் செலவுக்கென்று தனிக் கணக்கு வைத்து, அதன் டெபிட் கார்டால் சில தடவை மட்டும் மொத்தமாக எடுப்பதே சிக்கனம். புறப்படுமுன் வங்கிச் செயலியில் வெளிநாட்டு உபயோகத்தை இயக்கிவைக்க மறந்தால் இரண்டுமே பயன்படா.

கிரெடிட்டானாலும் டெபிட்டானாலும், பெரும்பாலான அட்டைகளுக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் உண்டு. அது 3.5 சதவீதமானால், 10,000 ரூபாய்க்கு 350. அதன்மேல் ஜிஎஸ்டி 63. இதிலிருந்து தப்பிக்க வழிபோல, கடை யந்திரத்தின் திரை, 'ரூபாயிலா, டாலரிலா?' என்று உபசாரமாகக் கேட்கும். ரூபாயைத் தொட்டால், 702 போக வேண்டிய இடத்தில் நம் நாணயத்தின் எண்ணான 356 போகிறது. மாற்று விகிதத்தைக் கடைத்தரப்பார் தம் லாபத்தையும் சேர்த்து நிர்ணயித்துவிடுகிறார்கள். நம் வங்கிகளிற் பல அதற்கும் தனியே கட்டணம் போடுகின்றன. கேளாமலே ரூபாயில் போட்டுவிடும் கடைக்காரர்களும் உண்டு. ரசீதில் ரூபாய் தென்பட்டால், அதை ரத்துச் செய்து டாலரில் மறுபடி போடச் சொல்லலாம். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் சொல்லலாம்.