டோல்கேட்டில் வண்டியை எங்கே நிறுத்துவது?

வடசென்னை டோல்கேட் பக்கம் வண்டி நிறுத்த இடமில்லை என்று சொல்லாத ஆளே இல்லை. கடைக்காரர் சொல்கிறார், கடைக்கு வருபவர் சொல்கிறார், சந்துக்குள் குடியிருப்பவர் சொல்கிறார், துறைமுகத்துக்குப் போகும் லாரி டிரைவரும் அதையேதான் சொல்கிறார். ஆனால் இவர்கள் கேட்பது ஒரே மாதிரியான இடத்தை அல்ல. மருந்து வாங்க வந்தவருக்குப் பத்து நிமிடம் போதும். கடையில் வேலை செய்பவரின் பைக் காலையிலிருந்து இரவு வரை நிற்க வேண்டும். சந்தில் இருப்பவரின் குட்டி யானை என்ற சிறு சரக்கு வண்டி ராத்திரி முழுக்க நிற்க வேண்டும். டிரெய்லர் லாரிக்கோ எத்தனை மணி நேரம் என்று அதை ஓட்டுபவருக்கே தெரியாது. இத்தனை பேரும் ஒரே சாலையோரத்தை நம்பியிருக்கிறார்கள். யாருக்கு எந்த இடம், எவ்வளவு நேரம் என்று யாரும் வகுத்துக் கொடுக்கவில்லை. வாகன நிறுத்த மேலாண்மை என்று அரசு ஆவணங்கள் சொல்வது இப்படி வகுத்துக் கொடுப்பதைத்தான்.

முதலில் சாலையைப் பார்ப்போம். திருவொற்றியூர் நெடுஞ்சாலை பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாக டோல்கேட்டைத் தொட்டு, காலடிப்பேட்டை, தேரடி, விம்கோ நகர் என்று வடக்கே போகிறது. மெட்ரோ வேலை 2016இல் தொடங்கியதிலிருந்து இந்தச் சாலை பட்ட பாடு அந்த வழியாகப் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை சுமார் 9 கிலோமீட்டருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. தண்டையார்பேட்டை நிலையத்துக்குப் பிறகு பாதை மேம்பாலத்தில் போகிறது. டோல்கேட் நிலையமும் உயரத்தில்தான் இருக்கிறது. ரயில் வந்தது நல்லது. ஆனால் மேலே ரயில் ஏறப் போகிறவர் தன் பைக்கைக் கீழே எங்கேயாவது விட்டுவிட்டுத்தானே போக வேண்டும்? ஏற்கெனவே பஸ், ஷேர் ஆட்டோ, மீன்பாடி வண்டி எல்லாம் ஓடும் சாலையில் இந்தத் தேவையும் வந்து சேர்ந்திருக்கிறது.

கிழக்கே கொஞ்ச தூரத்தில், கடலோரமாக எண்ணூர் விரைவுச்சாலை, துறைமுக லாரிகளின் வழி. தி.நகரிலோ அண்ணா நகரிலோ பார்க்கிங் என்றால் கார்தான் பேச்சு. இங்கே கன்டெய்னர் லாரியை விட்டுவிட்டு எதைப் பேசினாலும் பாதிப் பேச்சுதான்.

40 அடிப் பெட்டி ஒன்று 12 மீட்டர் நீளம். இழுக்கும் வண்டியையும் சேர்த்தால் 15 மீட்டரைத் தாண்டும். அகலம் சுமார் இரண்டரை மீட்டர். ஒரு டிரெய்லர் நிற்கும் ஓரத்தில் மூன்று கார் நிற்கலாம். குறுக்காக நிறுத்தினால் பதினைந்து பைக் நிற்கலாம். சாலையின் இரண்டு பக்கமும் டிரெய்லர் நின்றால் ஐந்து மீட்டர் அகலம் போய்விடும். மிச்சத்தில்தான் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகவேண்டும்.

இந்த லாரிகள் ஏன் சாலையில் நிற்கின்றன? சென்னைத் துறைமுகத்தில் இரண்டு கன்டெய்னர் முனையங்கள் இருக்கின்றன: ஒன்று 2001இல் தனியார் நிர்வாகத்துக்கு வந்தது, மற்றது 2009இல் செயல்படத் தொடங்கியது. வடக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதையடுத்து காட்டுப்பள்ளி. சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் பெட்டிகளில் பெரும்பங்கு ராயபுரம் பக்கமுள்ள ஜீரோ கேட் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கேட்டில் ஒரு வண்டிக்குச் சோதனை முடியச் சில நிமிடம் கூடினால் போதும், பின்னால் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீளும். பெட்டிக்கான காகிதம் முழுதாகக் கைக்கு வரும்வரை காத்திருக்கும் வண்டிகள் வேறு. நகரத்துக்குள் பகல் நேரத்தில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், அது தளரும் வரை ஓரங்கட்டி நிற்பவையும் உண்டு. ஆக, தெருவில் நிற்கும் லாரிக்குக் காரணம் பெரும்பாலும் தெருவில் இல்லை. கேட்டிலும் கிடங்கிலும் இருக்கிறது. டிரைவருக்கு ஃபைன் போட்டுக்கொண்டே இருந்தால் வரிசை குறையாது.

அந்த டிரைவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மணிக்கணக்கில் காத்திருக்கும் ஆளுக்குக் குடிக்கத் தண்ணீர், கழிப்பறை, காலை நீட்டிப் படுக்க ஓர் இடம் வேண்டும். இவை இல்லாத ஒரு காலி மனையைக் காட்டி "அங்கே போய் நிறுத்து" என்றால் அவர் அங்கே போகமாட்டார். டீக்கடை இருக்கும் சாலையோரத்துக்குத்தான் வருவார். லாரி முனையம் கட்டுகிறவர்கள் தளம் போடுவதற்கு முன் கழிப்பறைக்கு இடம் குறிக்க வேண்டும் என்பேன்.

எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் விரைவுச்சாலையும் அதைச் சார்ந்த சாலைகளும் அகலமாக்கப்பட்டன. மீனவக் குடும்பங்களை இடம் மாற்றவேண்டியிருந்தது உட்படப் பல காரணங்களால் அது முடியப் பல ஆண்டுகள் ஆயின. துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலை 2009இல் தொடங்கி 2012இல் நின்று, ஈரடுக்குப் பாலமாக 2022 மே மாதம் மறுபடி அடிக்கல் கண்டது. சாலை அகலமானதும் அந்தக் கூடுதல் அகலத்திலேயே லாரி நிற்கத் தொடங்கினால் அகலப்படுத்தியதன் பலன் யாருக்கும் கிடைக்காது. புதிய சாலையோடு சேர்த்து, நிற்கும் இடத்தையும் கேட்டுக்கு வரவேண்டிய நேரத்தையும் தீர்மானிக்க வேண்டும். எந்த வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று முன்பதிவு முறையில் நேரம் கொடுக்கும் துறைமுகங்கள் உலகில் நிறைய இருக்கின்றன.

சிங்கப்பூரின் வழக்கம் நமக்கு மிகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அங்கே கனரக வாகனம் வைத்திருப்பவர், அதை நிறுத்த முறையான இடம் தன்னிடம் இருக்கிறது என்ற சான்றிதழைக் காட்டவேண்டும். சான்று இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. பொறுப்பு டிரைவரின் தலையிலிருந்து வண்டியின் முதலாளிக்குப் போய்விடுகிறது. ஜப்பானில் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி கார் வாங்குபவருக்கே இந்த நிபந்தனை உண்டு: வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்துமிடம் இருப்பதாகக் காவல் நிலையத்தில் சான்று பெறவேண்டும். கார் வாங்குவோருக்கு இப்படி ஒரு விதி சென்னையிலும் வரலாமா என்ற பேச்சு அரசுத் தரப்பில் எழுந்திருக்கிறது. வடசென்னையைப் பொறுத்தவரை என் கருத்து, முதலில் லாரி நிறுவனங்களிடம் சான்று கேளுங்கள் என்பதே. நானூறு சதுர அடி வீட்டில் வாழ்ந்துகொண்டு பிழைப்புக்கு ஒரு பைக்கோ குட்டி யானையோ வைத்திருப்பவரிடம் முதலில் போய்க் கேட்பது நியாயமில்லை.

லாரி ஒருபக்கம் இருக்கட்டும், கடைத்தெருவுக்கு வருவோம். இங்கே கணக்கு எளிது. ஒரு கடை முன்னால் ஒரு கார் நிற்க இடம் இருக்கிறது. காலை ஒன்பதுக்கு ஒருவர் வந்து நிறுத்திவிட்டு இரவு ஒன்பதுக்கு எடுத்தால், அந்த இடம் அன்று ஒரே ஒருவருக்குத்தான் பயன்பட்டது. மணிக்கு ஒருவர் மாறினால் பன்னிரண்டு பேருக்குப் பயன்படும். இடம் ஓர் அங்குலமும் கூடவில்லை, ஆனால் பன்னிரண்டு மடங்கு பலன். பெரும்பாலான கடைத்தெருக்களில் காலையில் முதலில் வந்து வாசலை நிரப்புபவை கடைக்காரரின் வண்டியும் அவரிடம் வேலை செய்பவர்களின் வண்டிகளும்தான். வாடிக்கையாளர் வரும்போது இடமில்லை. அவர் இரண்டாவது வரிசையாகச் சாலையில் நிறுத்துகிறார், அல்லது நடைபாதையில் ஏற்றுகிறார். பஸ் நிறுத்தத்தை வண்டிகள் பிடித்துக்கொள்வதால் பஸ் நடுச்சாலையில் நிற்கிறது, வயதானவர்கள் ஓடும் வண்டிகளுக்கு நடுவே இறங்குகிறார்கள். தீபாவளி நேரத்தில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வண்டியை மாற்றி மாற்றி நிற்கவைக்க உலகம் கண்டுபிடித்த வழி கட்டணம். 1935 ஜூலையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் முதல் பார்க்கிங் மீட்டரை வைத்ததே, காலை முதல் மாலை வரை கடைவீதியை அடைத்து நின்ற வண்டிகளை நகர்த்தத்தான். டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் 2005இல் வெளியிட்ட நூலில், இலவச நிறுத்தத்துக்கு ஊரே மறைமுகமாக விலை கொடுக்கிறது என்று விரிவாகக் காட்டினார். ஒரு தெருவில் நூற்றுக்கு 85 இடம் நிரம்பி, ஏழெட்டில் ஒன்று காலியாக இருக்கும்படி கட்டணத்தை வைக்கவேண்டும் என்பது அவர் சொன்ன அளவுகோல். அதற்கு மேல் நிரம்பினால் வண்டிகள் இடம் தேடிச் சுற்றத் தொடங்கும். அந்தச் சுற்றலே நெரிசலாகிறது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2011இல் தெருவுக்குத் தெரு, நேரத்துக்கு நேரம் கட்டணத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தது. கூட்டமான தெருவில் ஏற்றினார்கள், காலியாகக் கிடந்த தெருவில் குறைத்தார்கள். மொத்தத்தில் சராசரிக் கட்டணம் கொஞ்சம் குறையவே செய்தது.

சென்னையில் மாநகராட்சி தன் கட்டண நிறுத்துமிடங்களுக்கு மணிக்குக் காருக்கு 20 ரூபாய், இருசக்கர வண்டிக்கு 5 ரூபாய் என்று வைத்தது. தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டு, பக்கத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தமும் வந்தது. அதை அப்படியே டோல்கேட்டுக்குத் தூக்கி வர முடியாது. இங்கே பெரும்பாலும் இருசக்கர வண்டிகள். வருகிறவர்களுக்கு ஐந்து ரூபாயும் கணக்குத்தான். முதல் அரைமணி இலவசம், அதற்குப் பிறகு கட்டணம் என்று வைத்தால் மருந்து வாங்க வந்தவருக்குச் செலவில்லை, நாள் முழுக்க அடைப்பவர் மட்டும் தருவார். வசூலிக்கும் பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். கலிஃபோர்னியாவின் பழைய பாசடீனா கடைவீதியில் 1993இல் மீட்டர் வைத்தபோது கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். வருமானம் முழுவதும் அதே வீதியின் நடைபாதைக்கும் விளக்குக்கும் துப்புரவுக்கும் செலவாகும் என்று உறுதி தந்த பிறகு சம்மதித்தார்கள், வீதி செழித்தது. டோல்கேட்டில் வசூலாகும் ஐந்து ரூபாய் டோல்கேட்டின் நடைபாதையாகத் திரும்பி வரும் என்றால் மக்கள் தருவார்கள். ரசீது இல்லாமல் யாரோ கையில் வாங்கிக்கொண்டு போவதைத்தான் யாரும் சகிப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, உள்ளாட்சியோடு கலந்து நிறுத்துமிடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. 122ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடையூறோ வரும்படி வண்டியை விட்டுச் செல்லக்கூடாது என்கிறது. இரவில் விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாமல் நிற்கும் டிரெய்லரின் பின்புறத்தில் பைக்கோடு மோதி உயிர் போகும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பிரிவு ஏன் கண்டிப்பாக நடைமுறையில் இல்லை என்று மனம் கொதிக்கிறது. 127ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் பத்து மணி நேரம் கேட்பாரற்று நிற்கும் வண்டியையும், தடைசெய்த இடத்தில் நிற்கும் வண்டியையும் சீருடையிலுள்ள காவல் அதிகாரி அப்புறப்படுத்தச் சொல்லலாம். இழுத்துச் செல்லும் செலவு வண்டிக்காரருடையது. நோ பார்க்கிங்குக்குத் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து முதல் தடவை 500 ரூபாய், திரும்பச் செய்தால் 1500.

சட்டம் இருந்தும் ஏன் நடக்கவில்லை என்றால், பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. ஃபைன் போடுவது போக்குவரத்துக் காவல்துறை. நிறுத்துமிடம் ஒதுக்கி வசூலிப்பது மாநகராட்சி. சில சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். நிலையத்தை ஒட்டிய இடம் மெட்ரோ நிறுவனத்திடம், கேட் துறைமுகத்திடம். திருவொற்றியூர் 2011 வரை தனி நகராட்சியாகவே இருந்தது. இவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்கத்தான் 2010இல் சட்டம் போட்டு, கும்டா என்ற ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் உருவானது. டோல்கேட் போன்ற ஓர் இடம் அதன் மேசைக்கு வரவேண்டும், துறைமுகத்தையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு.

ராத்திரி நிற்கும் உள்ளூர் வண்டிகளுக்கு வேறு வழி வேண்டும். பகலில் நிரம்பி இரவில் காலியாகும் இடங்கள் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கின்றன: மெட்ரோ நிறுத்துமிடம், அலுவலக வளாகம். மாதக் கட்டணத்தில் இரவுக்கு மட்டும் அவற்றைத் திறந்துவிட்டால் சந்துக்குள் தீயணைப்பு வண்டி நுழைய வழி கிடைக்கும்.

இதையெல்லாம் கேட்க விரும்பும் வாசகர் வெறும் புகாரோடு போகாமல் கணக்கோடு போவது நல்லது. போக்குவரத்துப் பொறியாளர்கள் செய்யும் எளிய ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு பேர், ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். உங்கள் தெருவில் நூறு மீட்டரைத் தேர்ந்தெடுங்கள். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, மணிக்கு ஒரு தரம் நடந்து, நிற்கும் ஒவ்வொரு வண்டியின் கடைசி நான்கு எண்களையும் அது பைக்கா, காரா, சரக்கு வண்டியா என்பதையும் எழுதுங்கள். மாலையில் பார்த்தால், எந்த வண்டிகள் நாள் முழுக்க அடைத்தன, எந்த மணியில் நெரிந்தது, பஸ் நிறுத்தத்தில் எத்தனை நின்றன என்று எல்லாம் தெரியும். அந்தத் தாளை வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் கவுன்சிலரிடம் கொடுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணிலும் பதிவுசெய்து, புகார் எண்ணை அதே தாளின் மேல் எழுதிவையுங்கள். சனிக்கிழமை ஒன்றும் வாரநாள் ஒன்றுமாக இரண்டு தாள்கள் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கடைத்தெருவின் கூட்டமும் துறைமுகத்தின் கூட்டமும் எப்போதும் ஒரே நாளில் வருவதில்லை.