கண்ணாடி ஏற்கெனவே பச்சை. அதன்மேல் எந்தக் கூலிங் ஃபிலிம்?

செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. மராட்டியர் கால ராணுவ அரண்கள் என்ற பெயரில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் தமிழகத்துக்குரியது இது ஒன்றுதான். குடும்பத்தோடு காரில் வருகிறவர்கள் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறி இறங்குவதற்குள், பாறை வெக்கையில் நின்ற கார் அடுப்பாகிவிடுகிறது. இந்தச் சூட்டுக்கு அஞ்சியே பலர் கூலிங் ஃபிலிம் ஒட்டக் கிளம்புகிறார்கள். கறுப்பு கூடினால் குளிர்ச்சியும் கூடும் என்ற நம்பிக்கைதான் அவர்களைத் தவறான ஃபிலிமுக்குக் கொண்டுபோகிறது.

சூடு எங்கிருந்து வருகிறது?

சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். வெளிச்சம் பாதிக்குச் சற்றுக் குறைவு. புற ஊதாக் கதிர் சொற்பம். வெளிச்சத்தை மட்டும் மறைக்கும் ஃபிலிம், சூட்டின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும்.

இன்றைய கார்களில் வரும் இளம்பச்சைக் கண்ணாடியில் நிறம் மேலே ஒட்டப்பட்டதல்ல. உருக்கும்போதே இரும்பு ஆக்சைடு சேர்ப்பதால் வருவது. அது அகச்சிவப்பில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய கண்ணாடி தானே சூடாகி, அதில் கொஞ்சத்தை உள்ளேயும் விடும். மதிய வெயிலில் கதவுக் கண்ணாடியை உள்பக்கம் தொட்டுப் பார்த்தால் இது கைக்கே தெரியும்.

கூட்டல் அல்ல, பெருக்கல்

கண்ணாடி எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதை விஎல்டி என்ற சதவீதத்தால் சொல்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகளில் இது குறைந்தது 70, பக்கக் கண்ணாடிகளில் குறைந்தது 50 இருக்க வேண்டும்.

கதவுக் கண்ணாடி 75 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால் மிஞ்சுவது 37.5. கடைக்காரர் 50 என்று சொன்னது ஃபிலிமுக்குச் சரி, காருக்குத் தவறு. 70 சதவீத ஃபிலிம் என்றால் 52.5 கிடைக்கும், தேறிவிடும். அதே 75 சதவீதம் முன் கண்ணாடியில் இருந்தால், 90 சதவீத ஃபிலிமே அதை 67.5-க்கு இறக்கிவிடும். முன் கண்ணாடி இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்யப்படுவதால் புற ஊதாவை ஏறக்குறைய முழுதும் அதுவே தடுத்துவிடுகிறது. அந்தக் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டாமல் விடுவதே நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

அவிஷேக் கோயங்கா வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று, எந்த அளவு ஃபிலிமையும் ஒட்டக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். பிறகு விதி 100 திருத்தப்பட்டு, பிளாஸ்டிக் படலம் சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடியும் 2021 ஏப்ரல் முதல் ஏற்கப்பட்டது. இதை வைத்து, 70, 50 அளவுக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தமிழகப் போலீஸாரைக் கட்டுப்படுத்தாது. வாதத்துக்குத் துணை நிற்கும், அவ்வளவே. மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆவது பிரிவில் அபராதம் முதல்முறை ரூ.500 வரை, அடுத்தடுத்து ரூ.1,500 வரை.

அபராதத்தைவிடப் பெரிது உயிர். அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கும், பௌர்ணமியில் திருவண்ணாமலைக்கும் செல்லும் சாலைகளில் ஜனங்கள் ஓரமாக நடந்தே போகிறார்கள். சைடு மிரரைக்கூட ஓட்டுநர் கதவுக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறார். அது இருண்டிருந்தால் நடப்பவர் கண்ணில் படமாட்டார்.

எதை வாங்குவது?

சாயம் ஏற்றிய மலிவு ஃபிலிம் நாளடைவில் ஊதா நிறமாகி, குமிழ் விடும். உலோகப் பூச்சு கொண்டது சூட்டைத் தடுக்கும். ஆனால் ரேடியோ அலையையும் தடுக்கும். முன் கண்ணாடியில் ஒட்டினால் பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் படிப்பது சிக்கலாகலாம். செராமிக் வகை விலை கூடுதல். ஆனால் வெளிச்சத்தை அதிகம் குறைக்காமல் அகச்சிவப்பைத் தடுப்பதால் பச்சைக் கண்ணாடிக்குப் பொருந்துவது அதுதான்.

கடையில் சூடான விளக்கை எரியவிட்டு, நடுவே ஃபிலிமைப் பிடித்து உங்கள் கையை வைக்கச் சொல்வார்கள். அது அகச்சிவப்பில் ஒரு பகுதியை மட்டுமே காட்டும். மொத்த சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கிறது என்று கேளுங்கள். டிஎஸ்இஆர் என்ற எண் அது.

ஒட்டுவதற்கு முன் வெறும் கண்ணாடியை மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பின் கண்ணாடியில் டீஃபாகர் கம்பிகள் இருந்தால், பழைய ஃபிலிமை உரிக்கும்போது அவை பிய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிது காயும் வரை சில நாள் கதவுக் கண்ணாடியை இறக்காதீர்கள். பில்லும் தரச் சான்றும் காரிலேயே இருக்கட்டும். மீட்டர் இல்லை என்று சொல்லும் கடையில் ஒட்டாதீர்கள்.