வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவும் மாணவர் தன்னம்பிக்கையும்

வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா என்பது பள்ளி மாணவர்கள் ஆசிரியர் துணையுடன் பிற நாட்டுக்குச் சென்று, அங்குள்ள பள்ளிகள், அறிவியல் மையங்கள், அருங்காட்சியகங்கள் முதலியவற்றைக் கண்டு வருவதாகும். நெடுங்காலம் இது வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கே கிட்டியது. கடந்த சில ஆண்டுகளாக அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி மாணவர்களும் சென்று வருகின்றனர்.

தமிழ்நாட்டில்

பெருநகர சென்னை மாநகராட்சியும் மெட்ராஸ் கிழக்கு ரோட்டரி சங்கமும் இணைந்து 'விங்ஸ் டு ஃப்ளை' என்னும் திட்டத்தை நடத்தி வருகின்றன. மாநகராட்சிப் பள்ளிகளில் போட்டிகள் வைத்து, வெல்லும் சிறு குழுவை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வது இதன் முறை. அமெரிக்காவின் நாசா, ஜெர்மனி ஆகிய இடங்களுக்கு மாணவர்கள் சென்றுள்ளனர். மாநிலப் பள்ளிக்கல்வித் துறையும் 2019 ஜனவரியில் 50 மாணவர்களைப் பின்லாந்து, சுவீடன் நாடுகளுக்கு அனுப்பியது. 2022 நவம்பரில் ஒரு குழு ஐக்கிய அரபு அமீரகம் சென்றது.

விமானம் ஏறும் முன்

புதிய அனுபவம் கடவுச்சீட்டு விண்ணப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. நம்மவர் பெயரில் உள்ள இனிஷியலை விரித்து எழுதுவதே முதல் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதார் அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால் பெற்றோர் அலைய வேண்டியிருக்கும். கடவுச்சீட்டுச் சேவை மையத்தில், தன் பெயரின் எழுத்துகள் சரிதானா என்று பிள்ளையே பார்த்துச் சொல்லும்போது வீட்டில் அதன் இடமும் சற்று மாறுகிறது.

தன்னம்பிக்கை வளரும் விதம்

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் வெளியிட்ட கட்டுரையில் தன்திறன் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைக் கூறினார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காணுதல், பிறர் தரும் ஊக்கம், படபடப்பு போன்ற உடல் உணர்வுகளை எடுத்துக்கொள்ளும் விதம் ஆகியவை அவை. முதலாவதே வலிமை மிக்கது என்பது அவர் முடிவு.

ஆகவே எத்தனை இடங்களைப் பார்த்தார்கள் என்பதைவிட, எத்தனை வேலைகளைத் தாமே செய்தார்கள் என்பதே முக்கியம். குடிவரவு அதிகாரியின் கேள்விக்கு விடை சொல்வது, புது நாணயத்தை எண்ணிக் கொடுத்து மீதி வாங்குவது, உணவில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பது எல்லாம் சிறியவைதாம். உடன் செல்லும் ஆசிரியர் எல்லாவற்றையும் தாமே பேசி முடித்துவிட்டால் பிள்ளைகளுக்குப் புகைப்படங்களே மிஞ்சும். பாதுகாப்புக்காகக் கடவுச்சீட்டுகளை ஆசிரியர் வைத்திருக்கலாம். அதிகாரி முன் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

ஆங்கில அச்சத்துக்கும் இங்கே மருந்து உண்டு. பின்லாந்துக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் ஆங்கிலம் பள்ளியில் கற்ற மொழிதான். அவர்களும் சொல்லைத் தேடி நிறுத்துவதைக் காணும் மாணவர், இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பது வகுப்பறையில்தான் என்று கண்டுகொள்கிறார்.

செல்லாதவர்களுக்கு

போட்டியில் வெல்வோர் மிகச் சிலர், மற்றவர்களே பெரும்பகுதி. பண்டூரா கூறிய இரண்டாம் ஊற்று இவர்களுக்கானது. திரும்பி வந்தவர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தாம் தடுமாறிய இடங்களையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவருக்கு அது எட்டாத உயரமாகத் தோன்றாது. முதல் ஊற்றுக்கும் விமானம் கட்டாயமில்லை. மயிலாப்பூர்ப் பள்ளியொன்றின் மாணவர்கள் திருமயிலை நிலையத்தில் தாமே பயணச்சீட்டு எடுத்துப் பறக்கும் ரயிலில் ஏறினால், மூன்றாவது நிறுத்தம் கோட்டூர்புரம். பிர்லா கோளரங்கமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் அப்பகுதியில்தான் உள்ளன. வழி கேட்பதையும் நூலகரிடம் பேசுவதையும் மாணவர்களிடமே விட்டுவிட்டு, ஆசிரியர் சற்றுப் பின்னால் நடந்து வரலாம்.