அம்மாவின் குரல் கரகரக்கிறதா?

மாதுங்காவில் குடியிருக்கும் குமாஸ்தா ஒருவர், ஊரிலிருந்து வந்த தாயாரின் குரல் பதிவைக் கணிப்பொறியில் போட்டுக் கேட்டார். ஒரே கரகரப்பு! பதிவே கெட்டுவிட்டது என்று அழிக்கப் போனார். அவசரம் வேண்டாம்.

பாரிஸ் மாணவர்கள் 1996-ல் தொடங்கிய முயற்சியில் பிறந்தது வி.எல்.சி. அதில் ஒலியளவை 100 சதவீதத்துக்கு மேலும் ஏற்றலாம். வினையும் அங்கேதான். எண்களாகப் பதிந்த ஒலிக்கு உச்ச வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் ஒலி அலையின் முகடு வெட்டுப்படும். அதுவே கரகரப்பு.

முதலில் அளவை 100-க்குக் கீழே இறக்குங்கள். சத்தம் போதாவிட்டால் ஸ்பீக்கரின் திருகைக் கூட்டுங்கள். ஈக்வலைசர் ஓடினால் நிறுத்துங்கள். பிறகும் கரகரத்தால் ஹெட்போனில் கேளுங்கள். அதில் தெளிவாக இருந்தால் பழுது ஸ்பீக்கரில்.

குமாஸ்தா அளவை இறக்கினார். "சாப்பிட்டாயா?" என்றது அம்மாவின் குரல், தெளிவாக.