பெரிய எண்ணுக்கு மயங்காதீர்கள்

தேக்காவில் கடை கடையாகச் சுற்றும்போது, "30 மடங்கு பெரிதாகத் தெரியும்" என்று எழுதிய கையடக்க இருகண் தொலைநோக்கி கண்ணில் படலாம். சேமிப்போ 50 வெள்ளி. வாங்கலாமா?

முதலில் அதில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பாருங்கள். 8x42 என்றால் 8 மடங்கு உருப்பெருக்கம். முன்வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர். 42ஐ 8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5.3 வரும். கருவியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை அத்தனை மில்லிமீட்டர் அகலம். நம் கண்பாவை நல்ல வெயிலில் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும். இருளில் இளையோருக்கு 7 வரை விரியும். இப்போது 30x25ஐ வகுத்துப் பாருங்கள். 1கூட வராது! மழைமேகம் சூழ்ந்த மாலையில் சுங்கை பூலோவில் சாம்பல் நாரையைத் தேடினால் மங்கிய நிழல்தான் தெரியும். அதுவும் ஆடும், கை நடுக்கமும் 30 மடங்காகிவிடுமே.

துப்பாக்கியில் பொருத்தும் தொலைநோக்கிக்கும் இதே கணக்குதான். (10 மீட்டர் காற்றழுத்தத் துப்பாக்கிப் போட்டியில் அதற்கு அனுமதியே இல்லை. சிறு துளை வழியாகத்தான் குறிபார்க்க வேண்டும்.)

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். கருவியைக் கை நீட்டிப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்புங்கள். கண்வில்லையில் சிறு ஒளிவட்டம் தெரியும். அது முழு வட்டமாக இல்லாமல் ஓரம் வெட்டுப்பட்டிருந்தால், உள்ளே இருப்பது மலிவான பட்டகம். முன்வில்லையில் பளபளக்கும் செந்நிறப் பூச்சும் வேண்டாம். அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், காட்சியின் நிறம் மாறும்.

எதை வாங்கினாலும் சூரியனை மட்டும் பார்க்காதீர்கள், பார்வையே போய்விடும். வியாழன் கோள் தெரியும் இரவில், 10x50 கருவியை வீட்டுத் தாழ்வாரக் கம்பியில் ஊன்றிப் பாருங்கள். 1610ல் கலிலியோ கண்ட நிலவுகள் பக்கத்தில் புள்ளிகளாகத் தெரியும்.